எழுபது கிலோவுக்குள்

எங்கள் ஊர் ஜிம், திண்டிவனம் ரோட்டில் ஒரு டயர் கடைக்கு மேலே, தகரக் கூரை போட்ட மாடியில் இருக்கிறது. கீழேயிருந்து பஞ்சர் ஒட்டும் வாசனை வரும். மேலே எங்கள் வாசனை. ஜன்னலைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை மலை முழுசாகத் தெரியும். சேர்ந்த முதல் மாதம் நான் பெரும்பாலும் அந்த ஜன்னலில்தான் பயிற்சி எடுத்தேன். அதாவது, மலையைப் பார்த்துக்கொண்டே மூச்சு வாங்கினேன். மாஸ்டர் கேட்டால், "செட்டுக்கு நடுவுல ரெஸ்ட்டு மாஸ்டர்" என்பேன். செட்டு எப்போது ஆரம்பித்தது என்று அவர் கேட்டதில்லை. நல்ல மனிதர்.

நான் வல்லம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் வாத்தியார். எடை தொண்ணூறு சொச்சம். போர்டில் எழுதிவிட்டுத் திரும்பினால் என் வயிறு மேசைமேல் இருக்கும் டஸ்டரைத் தட்டிவிடும். முன் பெஞ்சு அதைப் பிடிக்கத் தயாராகவே இருக்கும். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் சொன்ன அன்று என் மனைவி ஒரு சட்டம் போட்டாள். எடை தொண்ணூறுக்குக் கீழே இருந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. இந்தச் சட்டத்தை மறந்துவிடாதீர்கள். பின்னால் ஒருவருக்கு நான் செய்த கெடுதலுக்கு இதுதான் வேர்.

அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். வழக்கம்போல நான் முன்னால் வந்து மறைத்துக்கொண்டு நிற்கிறேன்.

அவருக்குக் கடைத்தெருவில் கடலை மண்டி. அப்பா காலத்து மண்டி. என்னைவிட இரண்டு வயது மூத்தவர், நாற்பத்து மூன்று. முழுக்கை வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக அவர் உட்கார்ந்திருந்தால், அவலூர்பேட்டையிலிருந்து மூட்டை கொண்டுவரும் விவசாயிக்கு அவர் இன்னொரு மண்டிக்காரர், அவ்வளவுதான். விடிகாலை ஐந்து மணிக்கு ஜிம்மில் அந்தச் சட்டையைக் கழற்றும்போது பார்க்க வேண்டும். முதல் நாள் நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். மேலேயிருந்து கம்பியைக் கழுத்துவரை இழுத்தார். முதுகின் இரண்டு பக்கமும் சதை படமெடுத்து விரிந்தது. தசைகளின் படத்தை வரைந்து, பாகங்களைக் குறிக்கச் சொல்லி, வருஷக்கணக்காக மார்க் போட்டவன் நான். அந்தப் படம் அசைந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவர் கத்த மாட்டார். போன் எடுக்க மாட்டார். கண்ணாடியில் தன்னைப் பார்ப்பதுகூட, மூட்டையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரிதான். கம்பியை மெதுவாக ஏற்றுவார், அதைவிட மெதுவாக இறக்குவார். பத்தாவது தடவையில் தாடை நடுங்கும், கழுத்து நரம்பு புடைக்கும். ஆனால் பத்து என்றால் பத்துதான். முடிந்ததும் தட்டுகளைக் கழற்றி, அவை இருந்த இடத்திலேயே அடுக்கிவிட்டுப் போவார். மற்றவர்கள் போட்டுவிட்டுப் போனதையும் சேர்த்து.

"யோவ் சார்" என்றுதான் என்னைக் கூப்பிடுவார். வாத்தியார் என்பதற்கு மரியாதை பாதி, என் உடம்புக்கு மரியாதை மீதி. "யோவ் சார், தூக்கறது யாரு வேணா தூக்குவான். இறக்கறதுதான் உடம்பு. நீ இன்னாடான்னா தொப்புனு போட்டுட்டுப் போற. கீழ டயர் கடைக்காரன் லாரி வந்துட்டுதுன்னு வெளிய ஓடி வரான்."

"அண்ணே, இது என் ஸ்டைலு."

"ஸ்டைலா? உன் தொப்பைய வேணா அப்படிச் சொல்லு."

இப்படித்தான் நட்பு வளர்ந்தது. அவர் உடம்பும் வளர்ந்தது. எனக்கு எது வளர்ந்தது என்பதற்கு முட்டைக் கதைக்கு வர வேண்டும்.

அவர் வீடு சுத்த சைவம். அமாவாசைக்கு வெங்காயம்கூடக் கிடையாது. உடம்புக்கோ புரதம் வேண்டும். பருப்பும் சோயாவும் ஒரு அளவுக்குத்தான் கைகொடுக்கும். அதனால் காலையில் ஜிம் முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். ஒரு டஜன் முட்டை. வெள்ளைக்கரு அவருக்கு. மஞ்சளை வீணாக்கலாமா? உணவை வீணாக்கக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறவன் நான்.

ஆறு மாதத்தில் அவருக்கு வயிற்றில் கட்டம் கட்டமாகக் கோடு விழுந்தது. எனக்குப் பேண்டில் தையல் விட்டது. என் மனைவி ஒரு நாள் கேட்டே விட்டாள். "ஏங்க, முட்டை வாங்கறது அவரு, உரிக்கறது அவரு, எக்சர்சைஸ் பண்றது அவரு. உங்களுக்கு எதுக்குங்க வயிறு போடுது?"

என் அம்மாவுக்கு வேறு கவலை. "இன்னா தம்பி, மஞ்சள எடுத்துட்டா முட்டையில இன்னா இருக்குது?" என்று அவரையே கேட்பார். அம்மா சின்ன வயசில் அவருடைய அப்பா மண்டிக்குக் கடலை உடைக்கக் கூலிக்குப் போனவர். அங்கே தாகம் எடுத்தால் கையைக் குவித்து நிற்க வேண்டும், மேலேயிருந்து ஊற்றுவார்கள். அந்த வீட்டுப் பிள்ளை எங்கள் சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு, அம்மா நீட்டிய சொம்பிலேயே வாய் வைத்துத் தண்ணீர் குடித்துவிட்டு, முட்டை உரித்துக்கொண்டிருப்பார். அம்மா அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. முட்டை சரியாக வெந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்.

போன மாசியில் ஒரு நாள், உரித்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். "சார், திண்டிவனத்துல ஆணழகன் போட்டி. நாப்பது தாண்டினவங்களுக்குத் தனிப் பிரிவு இருக்குதாம். நின்னு பாக்கலாம்னு இருக்கறேன்."

"நின்னா நீங்கதான் அண்ணே ஃபர்ஸ்ட்டு."

"பாத்தியா, இதான். இருவது வருசமா எல்லாரும் இதையே சொல்றீங்க. சூப்பரு, செம்ம, ஃபர்ஸ்ட்டு. மூட்டை தூக்கறவன் சொல்றான், மாஸ்டர் சொல்றாரு, நீ சொல்ற. உனக்கு இன்னா தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே."

"அதான். தெரிஞ்ச கண்ணு ஒண்ணு என் உடம்பை ஒரு தடவை பாக்கணும் சார். பாத்துட்டு இன்னான்னு சொல்லணும். கப்பு கெடக்குது."

கடலையை ஒரு கடி கடித்து இது எந்த ஊர்க் கடலை, எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லிவிடுகிறவர் அவர். தன் உடம்பைக் கடித்துப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாமல் இருபது வருஷம் இருந்திருக்கிறார். எனக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்தப் பிரிவில் இரண்டு வகுப்பு. எழுபது கிலோ வரை ஒன்று, எழுபதுக்கு மேல் ஒன்று. அவர் எழுபத்தாறு இருந்தார். மேல் வகுப்பில் நின்றால் கதை முடிந்தது. அங்கே வருகிறவர்கள் எண்பத்தைந்து, தொண்ணூறு கிலோ மலைகள். நடுவர்கள் முன்னால் கூப்பிட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது முதல் மூன்று பேரைத்தான். மற்றவர்கள் பின்வரிசையில் நின்றுவிட்டு இறங்க வேண்டியதுதான், ஒரு கண்ணும் பார்க்காது. ஆக, எழுபது கிலோவுக்குள் வந்தாக வேண்டும். மூன்று மாதம் இருந்தது.

அந்த மூன்று மாதம் நான் பார்த்ததை என்னால் செய்ய முடியாது. செய்ய முடியாததாலேயே கூட இருந்து பார்த்தேன். சோற்றை ஏலக்காய் நிறுக்கும் சின்னத் தராசில் நிறுத்துச் சாப்பிட்டார். எண்ணெய் போச்சு, சர்க்கரை போச்சு, கடைசியில் உப்பும் போச்சு. இதில் பெரிய கொடுமை, அது கடலை வரத்துச் சமயம். மண்டி முழுக்க மலை மலையாகக் கடலை. ஒவ்வொரு மூட்டையிலும் இரண்டு பருப்பை வாயில் போட்டுக் கடித்தால்தான் தரம் தெரியும். கடிப்பார், மெல்லுவார், விலை சொல்வார், திரும்பித் துப்புவார். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது இருக்கும். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, துப்பத் தெரியாததால், விழுங்கிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டிக்கெட் எடுத்துக்கொண்டு ராஜகிரிப் படியேறினோம். அவர் ஏறி இறங்கி மறுபடி ஏறும்போது நான் முதல் வளைவில் நின்று அவருடைய டிபன் பாக்ஸைக் காவல் காப்பேன். ஒரு தடவை குரங்கு ஒன்று என் கையிலிருந்து அதைப் பிடுங்கித் திறந்து, உப்பில்லாமல் வேகவைத்த சோயாவை ஒரு வாய் போட்டுக்கொண்டது. என்னை ஒரு பார்வை பார்த்தது. டப்பாவைக் கொண்டுவந்து காலடியில் வைத்துவிட்டுப் போய்விட்டது. அண்ணன் இறங்கி வந்து மிச்சத்தைச் சாப்பிட்டார். "கொரங்குக்கு மேடை ஏறற ஆசை இல்ல சார், அதுக்கு எதுக்கு இது?"

எடை பார்ப்பது வாரம் ஒரு தடவை, மண்டியில். ஜிம்மில் இருந்த மெஷினில் முள் எண்பதிலேயே தூங்கும். மண்டியிலோ அப்பா காலத்து இரும்புத் தராசு. கீழே மூட்டை ஏற்றும் பலகை, மேலே தண்டு, அதில் நகரும் குண்டு. பலகைமேல் எப்போதும் ஒரு வெறும் சாக்கு மடித்துப் போட்டிருக்கும். அண்ணன் அந்தச் சாக்கை எடுத்து ஓரமாக வைத்து, பலகையைத் துடைத்து, அப்புறம்தான் ஏறுவார். சுத்தமான எடை வேண்டுமாம். அவர் இறங்கியதும் நானும் ஏறுவேன்.

போட்டிக்கு ஆறு வாரம் இருக்கும்போது அவர் என்னிடம் கேட்டார். "யோவ் சார், மருந்துக்கடை மெஷின்ல ஏறினேன். ஒரு கிலோ கூடக் காட்டுது. எது சரி?"

எனக்கும் அங்கே ஒரு கிலோ கூடத்தான் காட்டியது. மருந்துக்கடையில் நான் தொண்ணூறரை. மண்டியில் எண்பத்தொன்பதரை. மண்டித் தராசை நம்பினால் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. மருந்துக்கடையை நம்பினால் கோதுமை உப்புமா. அறிவியல் வாத்தியார் என்ற முறையில் தீர்ப்புச் சொன்னேன். "அண்ணே, அது பிளாஸ்டிக்கு. நோயாளிங்க ஏறி ஏறி ஸ்பிரிங் போயிருக்கும். இரும்புத் தராசு பொய் சொல்லாது."

"நீ சொன்னா சரி சார். படிச்சவன்" என்றார்.

போட்டி அன்று விடிகாலையில் மண்டித் தராசு அறுபத்தொன்பது கிலோ எழுநூறு காட்டியது. முதல் நாள் மத்தியானத்திலிருந்து அவர் தண்ணீர் குடிக்கவில்லை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், தோல் காகிதம் மாதிரி சதைமேல் படிந்திருந்தது. என் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தார். வழியில் ஒரு டீக்கடையில்கூட நிறுத்தவில்லை. நிறுத்தாமல் இருந்ததில் என் தியாகமும் கொஞ்சம் உண்டு என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபம். சாப்பாட்டுக் கூடத்தில் எலக்ட்ரானிக் தராசு வைத்து, ஒருவர் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். அண்ணன் ஏறினார். எழுபது கிலோ எழுநூறு.

இறங்கி மறுபடி ஏறினார். அதேதான்.

"ஒரு மணி நேரம் டைம் இருக்குதுங்க. எறக்கிட்டு வாங்க" என்றார் எழுதுகிறவர்.

வியர்க்கட்டும் என்று அண்ணன் என் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு மண்டபத்து வாசலில், வெயிலில், ஓட ஆரம்பித்தார். நானும் கூட ஓடினேன், இரண்டு சுற்று. அப்புறம் நிழலில் நின்று ஊக்கம் கொடுத்தேன். அவருக்கு வியர்வை சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. உள்ளே இருந்தால்தானே வரும்? எனக்குத்தான் கொட்டியது, எடுத்துக் கொடுக்க முடியவில்லை. ஏழாவது சுற்றில் திடீரென்று நின்றார். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"சாக்கு!"

"இன்னாண்ணே?"

"யோவ், சாக்குய்யா! மூட்டைய சாக்கோடதான போடறோம்? சாக்கு எடை கழியட்டும்னு எங்கப்பா அந்தத் தண்டோட திருகாணிய மாத்தி வெச்சாரு. வெறும் சாக்கு பலகைமேல இருந்தாதான் அது பூச்சியத்துல நிக்கும். நான் சாக்கை எடுத்துக் கடாசிட்டு ஏறி நின்னிருக்கறேன். வாரா வாரம்! ஒரு கிலோவை என்கிட்டயே கழிச்சிக்கிட்டேன்!"

இரண்டு தலைமுறையாகத் தராசோடு வாழ்கிற குடும்பம். ஊரில் எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்வார், அந்தத் தராசில் சாக்குக் கழிவு போகத்தான் எடை என்று. மூட்டைக்குக் கழிப்பது மூச்சுவிடுவது மாதிரிப் பழகிவிட்டதால், தானும் ஒரு நாள் மூட்டையாக ஏறப்போகிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நானோ, ஒன்பதாம் வகுப்புக்கு ஒவ்வொரு ஜூனிலும் சுழிப்பிழை என்று போர்டில் எழுதி, அடிக்கோடு போட்டு, அளக்கிற கருவி எதுவானாலும் முதலில் அது பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறவன். கேட்க வந்தவரைப் பிரியாணிக்காகத் திருப்பி அனுப்பியவன். மணி பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

ஒரு மணி நேரம் முடிந்தது. எழுபது கிலோ நானூறு.

நான் எழுதுகிறவர் காதருகே குனிந்தேன். "சார், நானூறு கிராம்தானே. வயசானவங்க பிரிவு. எழுபதுன்னு போட்டுடுங்க சார்." அவர் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். ஒட்டிய கன்னத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். பேனாவை எடுத்தார்.

"இருக்கறதை எழுதுங்க" என்றார் அண்ணன். குரலே வரவில்லை. "தராசுல நின்னு பொழைக்கறவன் நான். எழுபதேகால் கிலோவுக்கு மேல நிக்கறேன், எழுபதுன்னு எழுதினா அப்புறம் மண்டியில எப்படிப் போய் உக்கார்றது? மேல் வகுப்புல போடுங்க."

போட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் மேடைக்குப் பின்னால், பழுப்பு நிறச் சாயத்தையும் எண்ணெயையும் அவர் முதுகில் நான் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த வகுப்பில் மொத்தம் ஐந்து பேர். மற்ற நால்வரும் பக்கத்தில் ரப்பர் பட்டையை இழுத்து உடம்பை முறுக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் தொடை என் இடுப்பு அளவு. என் இடுப்பளவு என்றால் விளையாட்டில்லை. இதற்கு மேல் தாங்கவில்லை.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நீங்க மருந்துக்கடை மெஷினைப் பத்திக் கேட்டப்ப எனக்கும் அங்க ஒரு கிலோ கூடத்தான் இருந்துச்சு. தொண்ணூறைத் தாண்டினா வீட்டுல பிரியாணி கெடையாது. அதான் மண்டித் தராசு சரின்னு சொல்லிட்டேன்."

முதுகு அசையவில்லை. "பிரியாணிக்கா?" என்றார்.

"ஆமாண்ணே. மட்டன்."

முதுகு குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்து முன்னால் போய்ப் பார்த்தேன். சிரிக்கிறார். சத்தம் வராமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "யோவ், சிரிக்க வெக்காதய்யா, தண்ணியில்லாத ஒடம்பு, நரம்பு புடிச்சிக்கும்... மட்டனாம்... ஐயோ, புடிச்சிடுச்சு..." வயிற்றை நீவிவிட்டேன். கல்லை நீவுகிற மாதிரி இருந்தது. "இடது தோள்ல தேய், திட்டா இருக்குது" என்றார். மன்னிப்பு அவ்வளவுதான்.

மேடையில் ஐந்து பேர் வரிசையாக நின்றபோது, நான்கு பீரோவுக்கு நடுவே ஒரு பித்தளைக் குத்துவிளக்கு நிற்கிற மாதிரி இருந்தார். அழகு என்றால் அவர்தான். ஆனால் சின்னவர். நடுவர்கள் மூன்று எண்களைக் கூப்பிட்டார்கள். அவருடையது இல்லை. அந்த மூன்று பேரும் முன்னால் வந்து திரும்பித் திரும்பிக் காட்டினார்கள், கூட்டம் கத்தியது. அண்ணன் பின்வரிசையில், யாரும் பார்க்காத இடத்தில், ஒரு விரல்கூடத் தளர்த்தாமல் நின்றார். பக்கத்தில் நின்றவர் கையைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இவர் மார்பை விரித்து, வயிற்றை இறுக்கி, தொடையை முறுக்கி, ஏதோ எல்லாக் கண்ணும் தன்மேல்தான் என்பது போல. பார்த்துக்கொண்டிருந்த நானும் என்னை அறியாமல் வயிற்றை எக்கிப் பிடித்திருக்கிறேன். பட்டன் ஒன்று லூசானதும்தான் தெரிந்தது.

முதல் மூன்று முடிவாகிவிட்டது. எல்லாம் முடிந்தது என்று நான் எழுந்தேன். அப்போது ஓரத்தில் உட்கார்ந்திருந்த நரைத்த நடுவர் ஒருவர், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மைக்கில் சொன்னார். "நாலாவது எடம் யாருக்குன்னு பாக்கணும். அந்தச் சின்னவரும் பக்கத்துல இருக்கறவரும் முன்னால வாங்க."

முன்னால் வந்தார்கள். முன்பக்கம். பக்கவாட்டு. முதுகு. அவர் திரும்பி முதுகை விரித்தபோது, கூட்டத்தில் யாரோ நீளமாக விசிலடித்தார்கள். நடுவர் விசிலைக் கவனிக்கவில்லை. முன்னால் சாய்ந்து பார்த்தார், பேனா மூடியைக் கடித்துக்கொண்டு. "இன்னொரு தடவை முதுகு." மறுபடி விரித்தார். "காலை முறுக்குங்க." முறுக்கினார். நடுவர் எழுதினார்.

நான்காவது இடம் பக்கத்தில் நின்றவருக்கு. அண்ணன் ஐந்தில் ஐந்தாவது.

மண்டபத்துப் படிக்கட்டில் நின்று நான் ஆறுதல் வார்த்தைகளை மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். கையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு கையில் வாழைப்பழச் சீப்பு. பங்கேற்பதே பெரிது என்று ஆரம்பிக்கலாமா, நடுவர்களைத் திட்டி ஆரம்பிக்கலாமா என்ற குழப்பத்தில் இரண்டு பழத்தைத் தின்றுவிட்டேன். அவர் வரவில்லை. எட்டிப் பார்த்தால், நடைவழியில் துண்டைப் போர்த்திக்கொண்டு அந்த நரைத்த நடுவர் முன்னால் கைகட்டி நிற்கிறார். நடுவர் ஏதோ சொல்கிறார். குனிந்து தன் விரலால் இவர் தொடையின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்துக் காட்டுகிறார். இவர் தலையாட்டுகிறார்.

பிறகு வந்தார். வந்தார் என்று சொல்லக்கூடாது, ஓடிவந்தார். சாயம் கழுத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"சார்! கால் பத்தலையாம்!"

"அதுக்கு இன்னாண்ணே, அவனுங்க கிடக்கறானுங்க..."

"யோவ், கேளுய்யா. முதுகு பக்காவாம், அதுல கை வெக்க வேணாமாம். கால்தான். அதுலயும் மொத்தக் காலும் இல்ல, தொடையோட வெளிப்பக்கம். நான் உக்காந்து எழும்போது பாதத்தை ரொம்ப அகலமா வெக்கறேனாம், அதான் உள்பக்கமே வேலை செய்யுதாம். இருவது வருசமா யாரும் சொல்லலியான்னு கேக்கறாரு சார்! நான் அகலமா வெக்கறது அவருக்கு எப்படித் தெரியும்? பாத்திருக்காரு! பாத்தே சொல்றாருய்யா!"

தண்ணீரை நீட்டினேன். வாங்காமல், துண்டை விலக்கி, கல்யாணத்துக்கு வந்த மாதிரி வாசலில் நின்றிருந்த பத்துப் பேர் நடுவில், "இங்க சார், இந்த எடம்" என்று தொடையைத் தட்டித் தட்டிக் காட்டினார். பெண்ணுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் அமைந்துவிட்ட செய்தியைச் சொல்கிறவர் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.